மடியில் கவிழ்த்த செம்பு

மதினி,

நேற்று சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸுக்கு நின்றபோது, பூக்காரம்மா ஒருவர் பக்கத்தில் கூடையை இறக்கினார். மரிக்கொழுந்து வாசனை. சட்டென்று தள்ளிப்போய் நின்றுகொண்டேன். பூ வாசனைக்கு மூஞ்சியைச் சுளிக்கிறாளே என்று அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பூ மேல் எனக்கென்ன கோபம்? தலையிலும் இடுப்பிலுமாக நீங்கள் அதைச் செருகி வைத்திருந்ததை நான் கேலி செய்தது நினைவுக்கு வந்துவிட்டது. "என்ன மதினி, அழகருக்குச் சாத்துனதுல மிச்சமா?" என்று கேட்பேன். நீங்கள் முந்தானையை இழுத்து இடுப்பை மூடிக்கொள்வீர்கள்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு மேலூர் பக்கத்து எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்தபோது நான் பத்தாம் வகுப்பு. நான் வாயைத் திறந்தாலே சிரிப்பீர்கள். "போதும் தாயி, வயிறு வலிக்குது" என்று கெஞ்சும்வரை விட மாட்டேன். மதுரையில் நர்ஸ் வேலை கிடைத்த பிறகும், லீவில் ஊருக்கு வந்தால் சனம் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிடும். வார்டில் நடக்கிற கூத்துகள்தான் என் சரக்கு. இருமியதும் புடவையை நனைத்துக்கொண்டு டாக்டர் முன்னால் நெளிந்த ஒரு கிழவியை நான் நடித்தே காட்டியிருக்கிறேன். பேர் சொல்லவில்லையே, அதனால் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐம்பதைத் தாண்டியதும் நீங்கள் மாறிப்போனீர்கள். கதை சூடுபிடிக்கும் நேரம் பார்த்து எழுந்து உள்ளே போவீர்கள். பஸ் ஏறி எங்கும் வருவதில்லை. அழகர்கோவிலுக்கு வேன் பிடித்துப் போனபோதும் செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியிலேயே நின்றுவிட்டீர்கள். 'உம்மணாமூஞ்சி மதினி' என்று உங்களுக்குப் பேர் வைத்தவள் நான்தான். என் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் பெண்டாட்டியாகச் சீர்த்தட்டோடு மேடையேற வேண்டிய நீங்கள், தட்டை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு, குளியலறைப் பக்கம் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தீர்கள். "மேடையேற அவுகளுக்குக் கௌரவம் விடலை போல" என்று உங்கள் காதுபடச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் உங்களுக்குப் போன்கூடப் போடவில்லை.

அந்த ஒரு வருஷமும் பெண்கள் வார்டில் ஊரார் வீட்டு அம்மாக்களிடம் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி என்ன தெரியுமா? "இருமினா, தும்மினா, சிரிச்சா நீர் கசியுதாம்மா?" ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது கேட்டிருப்பேன். உங்களிடம் கேட்கத் தோன்றவில்லை.

வருஷம் கழிந்து வந்த பொங்கலுக்குச் சமாதானமாகி ஊருக்கு வந்தேன். சாப்பிட்டு எல்லோரும் கூடத்தில் இருந்தோம். நான் கதையை ஆரம்பித்ததும் நீங்கள் எழுந்தீர்கள். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "உக்காருங்க மதினி, சிரிச்சா முத்தா உதிர்ந்துரும்?" விடவே இல்லை. கடைசியில் நீங்கள் சிரித்துவிட்டீர்கள், பழைய மாதிரி, குலுங்கிக் குலுங்கி. அடுத்த நொடி முகம் செத்துப்போனது. பக்கத்திலிருந்த செம்புத் தண்ணீரை எடுத்து உங்கள் மடியிலேயே கவிழ்த்துக்கொண்டு, "ஐயோ, கை தவறிருச்சு" என்று எழுந்து போனீர்கள். எல்லோரும் அதற்கும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. அத்தனை வருஷ நர்ஸ் வேலைக்கு அப்போதுதான் கண் திறந்தது.

பின்கட்டில் புடவை மாற்றிக்கொண்டிருந்தீர்கள். கொடியில், பழைய சேலையைக் கிழித்து மடித்த துணிகள் வரிசையாகக் காய்ந்தன.

"எம்புட்டு நாளா மதினி?"

"அது கெடக்கு, பதினோரு வருசமா. பிள்ளை பெத்த ஒடம்பு, வயசும் ஆகுது. இருக்கத்தான செய்யும். எம்புட்டு மரிக்கொழுந்து வச்சாலும் அந்த நாத்தத்தோட சாமி முன்னாடி போயி நிக்க மனசு வரல, மேடையும் ஏறல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். "உன்கிட்டயா? நாளைக்கு இந்தக் கூடத்துல நீ என்னைய நடிச்சுக் காட்டுனா நான் எங்க தாயி போவேன்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். நீங்கள் சாதாரணமாகத்தான் சொன்னீர்கள்.

மறுவாரமே உங்களை எங்கள் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். சிறுநீரை அடக்குகிற அடித்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை மூன்று மாதம் செய்யச் சொன்னார். கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பிறகுதான் ஆபரேஷன். சிறுநீர்க்குழாய்க்கு அடியில், விரல் அகலம்கூட இல்லாத ஒரு வலை நாடாவைத் தூளி மாதிரி தாங்கலாக வைப்பது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது, சிலருக்கு நீர் பிரியச் சிரமமாகும், நாடா உறுத்தும் என்பதையும் டாக்டரம்மா மறைக்கவில்லை. நீங்கள் யோசித்துவிட்டு, "செஞ்சுருங்க" என்றீர்கள். இடுப்புக்குக் கீழே மரக்க ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் முடிந்தது. மறுநாள், நீர் பிரிய வைத்திருந்த டியூபை எடுத்துவிட்டு டாக்டரம்மா இருமச் சொன்னார். பயந்து பயந்து இருமினீர்கள். பிறகு பலமாக. துணி காய்ந்தே இருந்தது. என் பக்கம் திரும்பி, "இம்புட்டுத்தானா?" என்று கேட்டீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு நீங்கள் இருந்தது எட்டு மாதம். ஒரு நாள் தனியாகவே பஸ் ஏறி அழகர்கோவில் போய்விட்டு, அங்கிருந்தே போன் செய்தீர்கள். "உள்ள போயி நல்லா நின்னு கும்பிட்டேன்" என்றீர்கள். ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை என்று அண்ணன் சொன்னார். பதினோரு வருஷத்துக்கு எட்டு மாதம். இந்தக் கணக்கில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும் மதினி. தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போன வாரம் வார்டில் ஒரு வயசான அம்மா, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். எல்லோரும் போனதும் என் முந்தானையைப் பிடித்துக் குனியச் சொல்லி, எல்லாவற்றையும் காதோடு சொன்னார். முடித்துவிட்டு, "யாருகிட்டயும் சொல்லிறாத தாயி" என்றார்.

"சொல்ல மாட்டேம்மா" என்றேன்.

முன்பின் தெரியாத அந்த அம்மா என்னை நம்பிக் கேட்டுவிட்டார். என்னை நன்றாகத் தெரிந்த நீங்கள் 'யாருகிட்டயும் சொல்லிறாத' என்று கடைசிவரை கேட்கவே இல்லை.