எதிர்த் திசையில் வந்த சித்தப்பா

அன்பு மகள் ரலிட்சாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்கையில் ஆறிவரும் ஒரு சிராய்ப்பு, பென்யோ சித்தப்பாவுக்குக் கொஞ்சம் சளி, மற்றபடி எல்லோரும் நலம். நீ அந்தக் கனடாக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் என் மனம் ஆறும். இந்த வருஷம் பிளம் நன்றாகக் காய்த்தது, ரக்கியாச் சாராயம் வடித்தாயிற்று, உன் பங்கை ஒரு புட்டியில் தனியே ஒளித்து வைத்திருக்கிறேன். போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதால் நடந்ததைச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பாவும் சித்தப்பாவும் வசந்தத்திலிருந்து பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள் என்பது உனக்குத் தெரியும், ஏன் என்பது தெரியாது. சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. நம் ஊர் மலையேற்றச் சங்கத்தார், பீச் மரக் காட்டைச் சுற்றி வரும் பாதையில் வழிக்குறிகளுக்குப் புதிதாகச் சாயம் அடிக்கச் சொல்லி இவர்கள் இருவரையும் அனுப்பினார்கள். மரத்துக்கு மூன்று பட்டை, வெள்ளை, சிவப்பு, வெள்ளை, இவ்வளவுதான் வேலை. அப்பா சொன்னார், கால் தெம்பாக இருக்கும்போதே செங்குத்துப் பக்கம் ஏறிவிட்டு, லேசான சரிவுள்ள பக்கம் மெதுவாக இறங்கி வருவதுதான் முறை என்று. போன வருஷம்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்த சித்தப்பா திடீரென்று தலைகீழாக நின்றார், சரிவில் ஏறி செங்குத்தில் இறங்குவதுதான் முறையாம். ஆளுக்கொரு திசையில் கிளம்பி, தங்கள் திசையில் வருபவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மரத்தின் ஒரு பக்கம் பட்டை அடித்தார்கள். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம், சுற்றுப் பாதை என்றால் இரண்டு பக்கமும் குறி வேண்டியதுதானே. ஆனால் அப்பா மறுநாளே போய் சித்தப்பாவின் பட்டைகள் மேல் மரப்பட்டை நிறத்தில் சாயம் பூசி மறைத்துவிட்டு வந்தார். அதற்கடுத்த நாள் சித்தப்பா போய் அப்பாவுடையதை மறைத்தார். கோடை முழுக்க இதே வேலை. மரத்தின் மேல் மரத்தின் நிறத்தையே பூசிக்கொண்டு திரிந்த இரண்டு கிழவர்களை நீ வேறெங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா சொல்.

அக்டோபரில் சங்கத்தின் நடை வந்தது, இலையெல்லாம் செம்பு நிறமாகிக் காடு பார்க்கவே அழகாக இருந்தது, இந்த இரண்டு பேர் மட்டும் இல்லாமல் இருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது என்பதற்காக அப்பா தன் திசையிலும் சித்தப்பா தன் திசையிலும் கிளம்பினார்கள். வட்டத்தில் எதிரெதிராகப் போனால் நடுவில் முட்டிக்கொள்ள வேண்டிவரும் என்று இருவருக்கும் உறைக்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் முழங்காலுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது, அதனால் நான் சித்தப்பாவோடு சரிவுப் பக்கம் போனேன். ஸ்டாங்கா சித்திக்குச் செங்குத்து இறக்கம் ஆகாது, அதனால் அவள் உன் அப்பாவோடு செங்குத்தில் ஏறினாள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா முழுக்க அவள் பையில், தேநீர்க் குடுவை என் பையில்.

முட்டிக்கொண்ட இடம் ஓடைக்குக் குறுக்கே கிடக்கும் பீச் மரம். மேல்பக்கத்தைச் செதுக்கிப் பாலமாக்கியிருக்கிறார்களே, அதுதான். ஒரு ஆள் போகிற அகலம். நாங்கள் ஒரு கரையில் வந்து சேரவும் அவர்கள் மறுகரையில் வந்து சேரவும் சரியாக இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஏறி நடுவில் போய் நின்றார்கள். பின்வாங்கினால் தோற்றதாக அர்த்தமாம். மற்றவர்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, கொஞ்சம் கீழே தண்ணீரில் கிடக்கும் கற்களில் கால் வைத்துச் சாவகாசமாக ஓடையைத் தாண்டிப் போய்விட்டார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு ஜெர்மன்காரத் தம்பதிகூட, இவர்கள் அங்கே காவலுக்கு நிற்பதாக நினைத்து வணக்கம் சொல்லிவிட்டுக் கற்கள் மேல் நடந்து போனார்கள். சித்தியும் அதே வழியாக என்னிடம் வந்தாள். ரெண்டும் அங்கேயே வேர் விடட்டும், நாம சாப்பிடலாம் அக்கா என்று பையைப் பிரித்தாள்.

அதற்குள் ஈர இலையில் அப்பாவுக்குக் கால் வழுக்கி, மரத்தின் மேல் குதிரை ஏறுவதுபோல் உட்கார்ந்துவிட்டார். பிடிக்கப் போன சித்தப்பாவும் அப்படியே உட்கார்ந்தார். மூக்கும் மூக்கும் எதிரெதிரே. திரும்பவும் முடியாது, எழுந்திருக்கவும் முடியாது. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சித்தப்பாதான் முதலில் பேச்செடுத்தார். அவர் குரலைக் கேட்டதும் எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

“போன வருஷம் அந்த ஏத்தத்துல நீ மரத்தைப் புடிச்சுக்கிட்டு நெஞ்சத் தேச்சுக்கிட்டு நின்னியே அண்ணே, நான் பாத்துட்டேன்,” என்றார்.

அப்பா தொடையில் ஒட்டியிருந்த ஈர இலையை உரித்துத் தண்ணீரில் போட்டார். பிறகு, “நீ பாத்தது எனக்கும் தெரியும்டா. அதனாலதான் இந்த வருஷமும் அப்படியே ஏறினேன்,” என்றார்.

என்னிடம் இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை ரலிட்சா. நெஞ்சைத் தேய்த்தாராம், மரத்தைப் பிடித்தாராம், வீட்டுக்கு வந்து பீன்ஸ் சூப் இரண்டு தட்டு சாப்பிட்டாராம். நான் கையில் இருந்த பனிட்சாவைக் கீழே வைத்துவிட்டேன். நீ எங்கிட்டயே சொல்லியிருக்கலாமேடா என்று அப்பா கேட்க, உங்கிட்ட எதையாவது நேரா சொல்ல முடியுமா, சாயத்த அடிச்சாவது சொல்லலாம்னு பாத்தேன் என்றார் சித்தப்பா. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் குலுங்கியதில் மரத்தின் மேல் இருந்த இரண்டு பேரும் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர்தான், ஆனால் பனிக்கட்டி மாதிரி. சித்தப்பாதான் அப்பாவைத் தோளில் சாய்த்து எங்கள் கரைக்கு ஏற்றினார், தன் சட்டையையும் கழற்றிப் போர்த்தினார், அதுவும் ஈரம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. நான்கு பேரும் சரிவுப் பக்கமாகவே ஊருக்கு இறங்கிவிட்டோம்.

பயப்படாதே, நகரத்தில் மருத்துவரிடம் கூட்டிப்போய்க் காட்டியாயிற்று. இதயக் குழாயில் ஓர் அடைப்பு இருந்தது, நீக்கிவிட்டார்கள். தினமும் நடக்கலாம், கடுமையான ஏற்றம் மட்டும் கூடாது என்றார். செங்குத்து என்று மருத்துவர் சொல்லவில்லை, கடுமையான ஏற்றம் என்றுதான் சொன்னார் என்று அப்பா வரும் வழியெல்லாம் வாதாடிக்கொண்டு வந்தார். இப்போது ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்து சரிவுப் பக்கமாக ஓடைவரை போய், அதே பக்கமாகத் திரும்பி வருகிறார்கள். போகும்போது அது சித்தப்பாவின் திசை, அவர் முன்னால் நடக்கிறார். திரும்பும்போது அது அப்பாவின் திசையாம், அவர் முன்னால் வருகிறார். தோற்காத முகத்தோடு இருவரும் வாசலில் வந்து நிற்கும்போது கதவைத் திறக்க, சிரிப்பு தெரியாத ஒரு முகம் எனக்குத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீ நன்றாக இரு, மகளே. கம்பளி உள்சட்டை இல்லாமல் வெளியே போகாதே. அப்பாவிடம் ஓடை பற்றி எதுவும் கேட்காதே, அன்று நல்ல மழை, அதில்தான் நனைந்தோம் என்று சொல்லுவார், ஆமாம் என்று கேட்டுக்கொள். கடவுள் உன் பாதைக்குத் துணையிருக்கட்டும்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா இலியானா