பளபளப்பானதை எடு

மார்ச் 16

இல்லை, என் கை நடுங்கவில்லை. அழுத்தினேன், அவ்வளவுதான். அரைபடாவிட்டால் யாரும் அழுத்தத்தானே செய்வார்கள்?

லூர்துராணி டீச்சரின் கடைவாய்ப் பல்லுக்குப் போட்ட சிர்கோனியா கேப். இரும்பு மாதிரிக் கெட்டி. உயரம் ஒரு மயிரிழை கூடுதல். அரைத்துச் சரிசெய்தது நான். மூன்றே நாளில் இரண்டாகிவிட்டது. கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார்.

"முறுக்கு கடிச்சீங்களா டீச்சர்?" ஆசீர் டாக்டர், என் முதலாளி.

"தவக்காலம் டாக்டர். மூணு நாளா கஞ்சி."

கஞ்சி உடைத்தது என்று சொல்ல டாக்டருக்கே கூச்சம். என்னைக் காட்டினார். "டாக்டரம்மா புதுசு. கை கொஞ்சம் கனம்."

உள்ளே வந்து: "இன்னொன்னு உடைஞ்சா நீ வேற க்ளினிக் பாத்துக்கம்மா."

தில்லை நகரில் தெருவுக்கு நாலு க்ளினிக். நாலும் இவருடைய நண்பர்கள்.

மார்ச் 18

தோழி ரஞ்சனியின் ஆய்வுக்கூடம். வைரத்துகள் ஒட்டிய, கேப்பை அரைக்கும் முனைகள் இரண்டை ஜியாமெட்ரி பாக்ஸில் கொண்டுபோனேன். ஒன்று புதிது, ஒன்று பழையது.

"எதுடி புதுசு?"

மின்னியதைக் காட்டினேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மைக்ராஸ்கோப்பில், புதியதில் கூர்கூராய்க் குன்றுகள். மின்னியதில் எல்லாம் மொட்டைமாடி. சில துகள்கள் சில்லு பெயர்ந்து. சில அடியோடு பிய்ந்து, வெறும் குழி.

"தேஞ்சு தட்டையானதுதாண்டி மின்னும். அது அரைக்காது, உரசும். நீ அழுத்துவ. சூடேறி விரிசல் விடும்."

க்ளினிக்கின் முனை டப்பாவில் பார்த்துப் பார்த்து மின்னியதையே எடுத்தவள் நான். ஐந்து வருடப் படிப்பு. நகைக்கடையில் நிற்கவேண்டியவள்.

மார்ச் 19

மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களை டாக்டரிடம் காட்டினேன்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்மா. பளபளன்னு இருக்கறதை எடு, போதும்."

அவர் வழுக்கையில் டியூப்லைட் மின்னியது. எழுதக்கூடாதுதான்.

மார்ச் 20

டீச்சருக்குத் தெரியவேண்டாமா? தெரிந்தால் என் வேலை?

மார்ச் 27

டீச்சருக்கு மறுபடி கேப். நானே வாங்கிய புது முனை. அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. விரிசல் இல்லை. அத்தோடு வாயை மூடியிருக்கலாம் — வேலை மிஞ்சியிருக்கும்.

டாக்டர் எட்டிப்பார்த்தார். "பாத்தீங்களா டீச்சர், கை பழகிடுச்சு."

"கை அதேதான் டீச்சர். போன தடவை முனை தேஞ்சது. அதை எடுத்தது நான். இங்க டப்பா பூரா அதுதான் இருக்கு."

டீச்சர் வாயில் பஞ்சு. கண் மட்டும் டாக்டர் பக்கம் திரும்பியது. கடைசி பெஞ்சைப் பார்க்கும் கண்.

"நாளையிலேருந்து வராத" என்றார் டாக்டர் என்னிடம்.

டப்பாவில் மின்னியதையெல்லாம் பொறுக்கி, பழைய ஊசிகளைப் போடும் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வந்தேன்.