ஒன்பதாவது பொத்தான் சரம்

அன்புள்ள அக்கா,

நேற்று மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனின் தள்ளுவண்டிக்கு முன்னால் மாட்டியிருந்த விளையாட்டுச் சாமானை மருமகன் கழற்றிக்கொண்டிருந்தார். கொக்கி உடைந்தால் பிள்ளை விழுங்கிவிடுமாம். விற்ற கம்பெனியே திருப்பிக் கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறதாம். "வித்ததைத் திருப்பிக் கேக்குற காலம், பாத்தீங்களா அத்தை" என்று அதிசயப்பட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அக்கா இதை எப்போதோ செய்துவிட்டார் என்றால் நம்பவா போகிறார்?

எழுபதுகளின் கடைசி. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது, பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள்தான். துரை பங்களாவில் கழித்துவிட்ட தள்ளுவண்டி ஒன்று அங்கே வந்ததும் உங்கள் கை சும்மா இருக்கவில்லை. பழைய கோட்டுப் பொத்தான்களைச் சாக்குத் தைக்கும் நூலில் கோத்து அதன் குறுக்கே கட்டினீர்கள். பிள்ளைகள் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தன. அப்புறம் என்ன, வீட்டுத் தொட்டிலுக்கும் வேண்டுமென்று நாங்கள் நச்சரிக்க, ஒன்பது சரம் கட்டிக் கொடுத்தீர்கள்.

ஒரு மழை நாளில் இதே மகளின் வாயிலிருந்து ஒரு பொத்தானை விரல்விட்டு எடுத்தேன். ஈரத்திலும் எச்சிலிலும் நூல் இற்றுப்போயிருந்தது. உங்கள் முகம் வெளுத்துவிட்டது. "யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கா, நூலை மட்டும் மாத்திருவோம். தெரிஞ்சா ஒங்க வேலைக்கே வெனையாயிரும்" என்றேன். நல்ல புத்தி சொன்னதாகத்தான் அப்போது நினைப்பு.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் முன், நீங்கள் முன்னால் வந்து நின்றீர்கள்.

"நான் கட்டிக் குடுத்தது சரியில்லீங்க. நூலு அறுந்தா பிள்ளைக தொண்டையில சிக்கிக்கும். இன்னைக்கே கொண்டாந்து குடுத்துருங்க."

"அது இல்லாட்டி எம்புள்ள தூங்காதே" என்றாள் ஒருத்தி.

"எங்கிட்ட கொண்டா, நான் தூங்க வைக்கிறேன்" என்றீர்கள்.

மாலைக்குள் எட்டுச் சரங்கள் வந்தன. ஒன்பதாவது பவளத்தோடு கப்பலேறியிருந்தது. பவளம், என் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவள். மூன்று மாதத்துக்கு முன்புதான், இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி, குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டிருந்தாள். போகும்போது திருச்சிப் பக்கத்து விலாசத்தை என் கையில் திணித்துவிட்டு அழுதாள். உடனே எழுதுகிறேன் என்று சொன்னேன். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, எழுதவேயில்லை.

அந்த விலாசத்தைத் தேடி எடுக்க வைத்தீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்ததும் தடுத்துவிட்டீர்கள்.

"பொத்தானைக் கழட்டி வீசுன்னு மொத எழுது. சொகமெல்லாம் பொறகு கேக்கலாம்."

அதன்பிறகு உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் தபால் வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தபோது பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று படித்துக் காட்டினேன். கடிதம் கண்டதும் சரத்தை அறுத்து அடுப்பில் போட்டார்களாம், பையன் நடக்கிறானாம். நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தீர்கள். கடைசி இரண்டு வரியை மட்டும் என்னால் சத்தமாகப் படிக்க முடியவில்லை. நீங்கள் வற்புறுத்திய பிறகுதான் படித்தேன்.

"அக்கா, இங்கே வந்த பிறகு எங்களைத் தேடி வந்த முதல் கடிதம் இதுதான். அங்கே எங்களை மறந்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தோம்."

நீங்கள் என்னைத் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, அழுத பிள்ளையைத் தூக்கப் போய்விட்டீர்கள். அன்றைக்குப் பவளத்துக்கு எழுத உட்கார்ந்தவள்தான். போன வாரமும் எழுதினேன், அக்கா.