வாசலில் ஒன்று, பப்பில் ஒன்று

2004 ஜனவரி 13, செவ்வாய்

டப்ளின் தலைமை அலுவலகத்திலிருந்து கருத்துக்கணிப்புப் படிவக் கட்டு வந்துவிட்டது. நாற்பது வீடு, மூன்று வாரம். சாலை, ஆஸ்பத்திரி, குப்பைக் கட்டணம் என்று வழக்கமான கேள்விகள்தான். ஏழாவதில்தான் வினை. பப்புகளில் புகைபிடிக்க அரசு கொண்டுவரும் தடை: ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா? வாசலில் நின்று வாசிக்க வேண்டும், சொன்னதைக் குறிக்க வேண்டும். என் கருத்தை முகத்தில்கூடக் காட்டக் கூடாது. யார் என்ன சொன்னார் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. பதினோரு வருடமாக விட்டதில்லை.

ஆனால் இந்த ஊரில் பப் வைத்திருப்பவன் என் தம்பி மலக்கி. அங்கே இருபத்தாறு வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பீர் ஊற்றுகிறவர் என் கணவர் கோல்மன். நானோ ஒரு நாளைக்கு இருபது சிகரெட். இதைக் கேட்க ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

ஜனவரி 16, வெள்ளி

மாலை கோல்மனை அழைத்துவரப் போனேன். உள்ளே புகை, கூரை தெரியவில்லை. பேக்கி லோஃப்டஸ் ஸ்டூலில் உட்கார்ந்து பிரசங்கம். வீட்டில் மனைவிக்குப் பயந்தவர், பப்பில் சிங்கம்.

"நாளைக்கு வந்து குடிக்கவும் கூடாதும்பான். அப்புறம் பப்புல உக்காந்து ஜெபமாலையா உருட்டுறது?"

கடையே சிரித்தது. மலக்கி என்னைப் பார்த்தான். "ஏக்கா, உன் பேப்பருல எழுதிக்க. ஊரே எதிர்ப்பு. வீடு வீடா அலையுற செருப்பாவது மிஞ்சும்."

நானும் சிரித்தேன். அவன் சிகரெட்டிலிருந்தே என்னுடையதைப் பற்றவைத்துக்கொண்டேன். கோல்மன் கிளாஸ் துடைத்துக்கொண்டே இருமினார். இலையுதிர் காலத்தில் பிடித்த இருமல், இன்னும் விடவில்லை.

ஜனவரி 21, புதன்

இன்று பேக்கியின் வீடு. ஏழாவது கேள்வியை வாசித்தேன். அவர் திரும்பி உள்ளே ஒரு பார்வை, தெருவில் ஒரு பார்வை. கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டார்.

"ஆதரவுன்னு போடும்மா."

நான் பேனாவைப் படிவத்தில் வைக்கவில்லை. காதில் சரியாகத்தான் விழுந்ததா?

"பலமான ஆதரவுன்னு ஒண்ணு இருக்குல்ல? அதுலயே போடு. எதிருல எவனும் ஊதலேன்னா நானும் விட்டுருவேன். நானா விடமுடியல. உன் தம்பிகிட்ட மட்டும் வாயத் தொறந்துராத தாயி."

இவர் ஒருவர் இல்லை. இதுவரை பதினெட்டு வீடு. பன்னிரண்டு ஆதரவு. எல்லாம் தாழ்ந்த குரலில், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதுபோல. வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. இரண்டு முறை அடுப்படியைத் துடைத்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

நாற்பது முடிந்தது. தபாலில் போட்டாயிற்று. இருபத்தேழு ஆதரவு.

கோல்மன் கால்வே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். "சும்மா நெஞ்ச ஒரு படம் எடுத்தாங்க," என்றார். சும்மா யாராவது படம் எடுப்பார்களா? கேட்டால், "டீ இருக்கா?" என்கிறார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதியாக வேண்டும்.

பதினொரு மணிப் பூசை முடிந்து தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் தடையை எதிர்த்துக் கூட்டம். மலக்கி ஏற்பாடு. நாற்காலி போதாமல் சுவரோரம் ஆட்கள். அவன் நன்றாகப் பேசினான், ஒத்துக்கொள்கிறேன். கடை போய்விடும், ஊர் செத்துவிடும் என்றான். அப்புறம் கோல்மன் பக்கம் கை நீட்டினான்.

"எங்க மச்சானப் பாருங்க. இருபத்தாறு வருஷமா அந்தப் புகையிலதான் நிக்கிறாரு. ஒரு சிகரெட் தொட்டதில்ல. என்ன ஆயிருச்சு? கல்லு மாதிரி உக்காந்திருக்காரு!"

ஒரே கைதட்டல். கோல்மன் தொப்பியை முழங்காலில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தடை வேணாங்கறவங்க கையத் தூக்குங்க!"

மண்டபம் முழுக்கக் கை. பேக்கி இரண்டு கையையும் தூக்கினார். என் படிவத்தில் ஆதரவு சொன்னவர்களை எண்ணினேன். பதினாலு பேர், எல்லோரும் கையை உயர்த்தி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு. அவர்கள் பொய் எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான். அந்தக் கர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். என் கையும் மேலே இருந்தது.

கோல்மனின் கை தொப்பியின் மேலேயே இருந்தது.

வீட்டு வாசலில் கோல்மன் சொன்னார்:

"நீ கையத் தூக்கினே."

"எல்லாரும் தூக்கினாங்க."

"ஆமா," என்றார். சாவியைத் திருப்பினார். "பாத்தேன்."

பிப்ரவரி 9, திங்கள்

சொல்லிவிட்டார். நவம்பரிலிருந்தே டாக்டரிடம் போகிறாராம். மூன்று மாதமா! அன்றைக்கு எடுத்தது இரண்டாவது படம். முடிவு பத்தொன்பதாம் தேதி. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா நீ என்ன செய்வே? ஒண்ணு பத்தவைப்பே," என்றார். கோபமே இல்லாமல். அதுதான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 18, புதன்

தடை தொடங்கும் தேதியை வானொலியில் சொல்லிவிட்டார்கள். மார்ச் 29. அன்றைக்குக் கவுண்டரில் நின்றே முதல் சிகரெட்டைப் பற்றவைக்கப் போவதாக மலக்கி எல்லோரிடமும் சொல்கிறானாம்.

பிப்ரவரி 19, வியாழன்

வலது நுரையீரலில் கட்டி. சின்னதுதான், அறுத்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

"எத்தனை வருஷமா சிகரெட் குடிக்கிறீங்க?"

"ஒண்ணுகூடக் குடிச்சதில்ல."

"என்ன வேலை?"

"பப்புல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "வீட்டுல யாராவது?"

கோல்மன் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே கார்கள் தவிர ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான்," என்றேன்.

பிப்ரவரி 25, சாம்பல் புதன்

நெற்றியில் பூசிய சாம்பலோடு வந்து, இருந்த சிகரெட் பாக்கெட்டை அடுப்பில் போட்டேன். ஈஸ்டர் வரையான தவக்காலத்துக்கு மட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 28, சனி

கொட்டகைக்குப் பின்னால் ஒன்று. பாதிதான். சீ.

மார்ச் 1, திங்கள்

கடை திறப்பதற்கு முன்பு போய் மலக்கியிடம் சொன்னேன். தெரிந்தவுடன் கட்டிக்கொள்வான் என்றா நினைத்தேன்?

"இப்ப என்ன சொல்ல வர்றே? என் கடைதான் அவரக் கொன்னுச்சுன்னா?"

"அவர் சாகலடா."

"நீ வீட்டுல ஊதுனியே, முப்பது வருஷம்? அது எந்தக் கணக்குல?"

"அதுவும்தான்."

மலக்கி ஒரு கிளாஸை எடுத்துத் துடைத்தான், ஏற்கெனவே துடைத்த கிளாஸ்.

"ஊரே என் பக்கம் நிக்குதுக்கா. கூட்டத்துல பாத்தேல்ல? நான் எப்படிப் பின்வாங்க?"

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உன் கூட்டத்தில் பதினாலு பேர், டேய், பதினாலு பேர்... விழுங்கினேன். "ஊர் கெடக்கு. அவரப் போய்ப் பாரு," என்று மட்டும் சொன்னேன்.

வரவில்லை.

மார்ச் 16, செவ்வாய்

அறுவை முடிந்தது. நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். தூங்குகிறார். நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 29, திங்கள்

பப்புக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கோல்மன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "போய்ப் பாத்துட்டு வா, எனக்குத் தெரியணும்," என்றார்.

மதியமே கூட்டம். மாவட்டப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண், கேமராவோடு. பேக்கி பற்றவைக்காத சிகரெட்டை உதட்டில் தொங்கவிட்டு, "பத்தவைடா மலக்கி! பத்தவை!" என்று கவுண்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மலக்கி சிகரெட்டை எடுத்தான். லைட்டரை எடுத்தான். கோல்மன் எப்போதும் நிற்கிற இடம், பீர்க் குழாய்களுக்குப் பின்னால், காலியாக இருந்தது. அதையே பார்த்தான். யாரோ இருமினார்கள். அப்புறம் கவுண்டரின் மடக்குப் பலகையை உயர்த்திவிட்டு இந்தப் பக்கம் வந்தான், எல்லோருக்கும் நடுவில் நடந்தான்.

"எங்கடா போறே?" என்றார் பேக்கி.

"ஊதத்தான். மழையில."

ஒருவர் பின் ஒருவராக முழுக் கடையும் அவன் பின்னால் போனது. என்னைத் தாண்டும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேமராக்காரப் பெண் வெறும் ஸ்டூல்களைப் படம் எடுத்தாள்.

ஏப்ரல் 11, ஈஸ்டர்

கோல்மன் வீட்டுக்கு வந்துவிட்டார். தவக்காலம் முடிந்தது. நான் பற்றவைக்கவில்லை. வேண்டும்போல் இருக்கிறது, கை என்ன செய்வதென்று தெரியாமல் மேஜையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.

மே 20, வியாழன்

இரண்டாம் சுற்றுப் படிவம். இந்தத் தடவை யாரும் கதவைச் சாத்தவில்லை. தெருவுக்கே கேட்கும்படி, "ஆதரவு!" பேக்கி பப்பிலேயே பேச ஆரம்பித்துவிட்டாராம்: "நான் அப்பவே சொன்னேன், எவன் கேட்டான்?" நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பழக்கம்.

மலக்கி இன்னும் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஜூன் 13, ஞாயிறு

கோல்மன்தான் கிளம்பினார். "வா, பப்புக்குப் போயிட்டு வருவோம்." இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

ஞாயிறு மதியம், ஏழெட்டுப் பேர். கோல்மன் பழக்க தோஷத்தில் கவுண்டர் பலகை வரை போய், திரும்பி, வாடிக்கையாளர் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார். மலக்கி எதிரே வந்து நின்றான். கேட்காமலே தேநீர் வைத்தான். கொஞ்சம் தட்டில் கொட்டியது.

"காத்து... சரியா இருக்கா மச்சான்?"

கோல்மன் காற்றை மோந்து பார்த்தார். "புளிச்ச பீர் நாத்தம். ஈரக் கோட்டு நாத்தம். கக்கூஸ் வேற. இதுலயாடா இருபத்தாறு வருஷம் நின்னேன்? புகை இருந்ததால தெரியல."

பேக்கி விழுந்து விழுந்து சிரித்தார். கோல்மனும் சிரித்தார், தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு. மலக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. ஓரத்தில் பெயிண்ட் அடித்து இறுகிப் போன ஜன்னல் ஒன்று உண்டு. ஸ்டூலைப் போட்டு ஏறி, கத்தியால் விளிம்பை அறுத்து, தோளைக் கொடுத்துத் தள்ளினான். மூன்றாவது தள்ளலில் திறந்தது.

மழை நேராக உள்ளே அடித்தது. பேக்கியின் சட்டைக் கை நனைந்தது. யாரும் சாத்தச் சொல்லவில்லை.