அண்ணன் பதவி

ஜனவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

எப்படி இருக்கீங்க? இடுப்பு வலி தேவலையா? லாரிக்கு டயர் மாத்தினீங்களா, இல்ல ஒட்டுப் போட்டே ஓட்டுறீங்களா? எங்கக்கா கோவம் தீந்து உங்ககிட்ட பேச ஆரம்பிச்சாச்சா?

போன் இருக்க, ஓயாமப் பேசுறான்னு நீங்க பேரு வெச்ச இந்த ரேடியோ எதுக்குக் கடுதாசி போடுறான்னு நெனப்பீங்க. இந்த வீட்டுச் சுவரு அட்டை மாதிரி. கீழ தும்மினா மாடியில இருக்கவங்க மூக்கத் துடைப்பாங்க.

ஊரு பெரிசு. எல்லாத்துக்கும் வெல. நேத்து கடையில ஒரு தக்காளிய எடுத்தேன். வெலயப் பாத்துட்டு, தூங்குற கொழந்தையத் தொட்டில்ல விடுற மாதிரி மெதுவா வெச்சுட்டு வந்தேன். ஆட்டோ ஓட்ட இங்க ஆட்டோவே இல்ல. ஓட்டல் போர்வைய மடிக்கிற எடத்துல வேல. போர்வைகிட்ட என்ன பேசுறது சொல்லுங்க.

எங்க விட்டேன்? ஆங், வீடு. உங்க தங்கச்சி எனக்கு முன்னாடி வந்து பாத்துவெச்ச ரூம் இது. வீட்டுக்காரம்மா நம்ம பாஷதான். வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு மட்டும்தான் விடுவாங்க. புருஷன் பொண்டாட்டின்னா சண்ட போடுவாங்களாம். இவ வேல பாக்குற ஆஸ்பத்திரியில நர்சுங்க கழுத்துல தாலிகூடப் போடக் கூடாது, அதனால அந்தம்மாவும் கேக்கல, இவளும் சொல்லல. "நான் பக்குவமாப் பேசிக்கிறேன், நீங்க வாயத் தொறக்காதீங்க"ன்னு வழி பூரா சொல்லிக்கிட்டே வந்தா. கதவு தொறந்துச்சு. "நீங்க யாருங்க?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. எனக்கு வாய் நிக்குமா? "அண்ணன்ங்க"ன்னுட்டேன்.

அவ மாடியில. நான் கீழ, சாமான் போடுற ரூம்ல, இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்துல படுத்துக்கறேன். வேற எடம் கெடைக்கிற வரைக்கும்தான். சிரிக்காதீங்க.

இப்படிக்கு
ரேடியோ

ஜனவரி 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சிரிக்காதீங்கன்னு எழுதினா சிரிக்காம இருக்க முடியுமா? உங்க கடுதாசியப் படிச்சுக் காட்டினதுலதான் உங்க அக்கா என்கிட்ட பேசினா. "உங்களுக்கு இருக்கிற ஒரு வேலையையும் என் தம்பி பிடுங்கிட்டானே"ன்னா. டயர் ஒட்டுதான். அண்ணன் பதவி உங்களுக்குத் தோதா இருந்தா, பிரசவச் செலவு, பொறந்த வீட்டுச் சீர் எல்லாத்தையும் இனிமே நீங்களே பாத்துக்குங்க.

ஆனா சீக்கிரம் ரூம் பாருங்க. விளையாட்டு நீளக் கூடாது.

அன்புடன்
உண்மையான அண்ணன்

பிப்ரவரி 20

மச்சான்,

நல்லா இருக்கீங்கள்ல?

மொதல்ல அவளும் சிரிச்சா. அந்தம்மா இருக்கும்போது "ஏங்க"ன்னு ஆரம்பிச்சு, நாக்கக் கடிச்சுக்கிட்டு "ஏண்ணே"ன்னு முடிப்பா. அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. இப்ப அவ என்னைக் கூப்பிடுறதே இல்ல. ரெண்டு பேரும் தனியா ரோட்டுல நடந்து போனாக்கூட, பஸ் வந்தா தோளத் தொட்டுக் காட்டுறா.

ரூம் பாத்தோம் மச்சான், பாக்காம இல்ல. ஒரு எடத்துல அலமாரியத் தொறக்கணும்னா ஒரு ஆளு கட்டில்ல ஏறி நிக்கணும். அதுக்கே அவ சம்பளம் முக்கால்வாசி. "இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமே"ன்னு நான்தான் சொன்னேன். போர்வை மடிக்கிறவன் சொல்றதுக்கு வேற என்ன இருக்கு.

எழுதக் கை வரல. எழுதிடறேன். அந்தம்மாவுக்கு ஒரு மகன். நல்ல பையன், கண்ணாடிக் கடை வெச்சிருக்கான். நேத்து எனக்கு டீ போட்டுக் குடுத்து, எதிர்ல உக்காந்து, "தம்பி, உங்க வீட்டுல பெரியவங்க யாரும் இங்க இல்ல. அண்ணன் நீங்கதான் சொல்லணும். தங்கச்சிய எங்களுக்குத் தர்றீங்களா?"ன்னு கேட்டாங்க.

இந்த வாய், மச்சான், தேவையில்லாதப்பல்லாம் ஓடுற வாய், "யோசிச்சுச் சொல்றேங்க"ன்னுச்சு.

திரும்பிப் பாக்கறேன். அவ மாடிப்படியில நிக்கறா.

ரேடியோ

மார்ச் 10

மாப்பிள்ளைக்கு,

நேத்து தங்கச்சி போன் பண்ணா. உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாச் சொல்லல. "அண்ணே"ன்னு ஆரம்பிச்சா, அந்த வார்த்தையிலயே அழுதா. சின்னப் புள்ளையில இருந்து அவ வாயில ஓடுற வார்த்த அது. அதைச் சொல்ல அவளுக்குக் கூசுது இப்ப.

பொண்ணு கேட்டா அண்ணன்கிட்டதான் கேக்கணும். அந்தம்மா மொறயாத்தான் கேட்டிருக்காங்க, ஆளுதான் தப்பு. அண்ணன் நான் சொல்றேன், போய்ச் சொல்லுங்க: என் தங்கச்சிய எப்பவோ ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. அவரு அங்கதான் எங்கயோ இருக்காரு. கண்டுபிடிச்சு அனுப்புங்க.

ஏப்ரல் 2

அன்புள்ள மச்சானுக்கு,

நல்லா இருக்கீங்களா? நீங்க பேர் போடாம அனுப்பின கடுதாசிய சட்டப்பையில வெச்சுக்கிட்டே ரெண்டு நாள் போர்வை மடிச்சேன்.

அப்புறம் சொல்லிட்டேன். சமையல்கட்டுல வெச்சுத்தான். அவ தொட்டியில டம்ளர் கழுவிக்கிட்டிருந்தா. "அம்மா, நான் அண்ணன் இல்ல, வீட்டுக்காரன்"னேன். எந்த வீட்டுக்காரன்னு அந்தம்மா முழிச்சாங்க. "இவ புருஷன்ங்க"ன்னேன். அவ கொழாய மூடினா. திரும்பல.

அந்தம்மா கத்துவாங்கன்னு நெனச்சேன். கத்தல. "என் புள்ளைகிட்ட ஆசை காட்டிட்டேனேப்பா. அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"ன்னாங்க. எம் புத்தியச் செருப்பால அடிக்கணும் மச்சான். நான் கூசினது பத்தாதுன்னு ஒரு பெரிய மனுஷியையும் கூச வெச்சுட்டேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொன்னாங்க. ஞாயம்தான்.

கட்டில்ல ஏறி அலமாரி தொறக்கிற ரூமுக்கே வந்துட்டோம். மூணாவது மாடி, லிப்ட் கிடையாது. ராத்திரியில ஆபீஸ் கூட்டுற வேலையும் கேட்டிருக்கேன். மூட்டை எல்லாம் ஏத்தியாச்சு. இந்தப் பெரிய பெட்டி மட்டும் கீழ நிக்குது, அதுமேலதான் உக்காந்து எழுதறேன். எழுதறேன்னு சொல்றதவிட, மேல போகப் பயந்துக்கிட்டு உக்காந்திருக்கேன்னு வெச்சுக்கங்க. சமையல்கட்டுல சொன்னதுல இருந்து அவ எதுவுமே சொல்லல. திட்டினாக்கூடத் தேவல. அவளுக்கு நான் இப்ப யாருன்னு எனக்கே

இருங்க மச்சான். மேல ஜன்னல் தொறக்குது. யாரோ "ஏங்க"ங்கறாங்க. "ஏங்க, பெட்டிக்குப் பாராவா உக்காந்திருக்கீங்க?"ங்கறாங்க. இந்தத் தெருவுல நம்ம பாஷ பேசுற ஆளு வேற யாருமே கெடையாது, அப்ப என்னையத்தான்