மூன்றாம் டிவிஷன் என்றாலும் போ

மரக்காணம்
20-8-2005

அன்பு மகன் தமிழ்வேந்தனுக்கு அப்பா சகாதேவன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி வினோதினியும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்று உன் மாமா வந்து சொன்னார், ஆனால் அதை உன் வாயால் கேட்டால்தான் எனக்கு நம்பிக்கை. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நீ போனில் பேசுவதே குறைந்துபோய்விட்டது, பேசினாலும் அம்மாவிடம் சாப்பிட்டேன் தூங்கினேன் என்று இரண்டு வார்த்தை, என் கைக்குப் போன் வருவதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது என்கிறாய். கார்டு தீரவில்லை, என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை, அது எனக்குத் தெரியாதா. அதனால்தான் எழுதுகிறேன். கடிதமென்றால் நீ நடுவில் வைத்துவிட்டுப் போக மாட்டாய்.

உப்பு இந்த வருஷம் பரவாயில்லை. சுனாமித் தண்ணீர் ஏறின பாத்திகளில் சேறு அள்ளிவிட்டு மறுபடி மிதித்து இறுக்கித்தான் ஆரம்பித்தோம், எல்லாம் தாமதம், ஆனால் வெயில் நம்மைக் கைவிடவில்லை, நடுவில் பெய்த ஒரு மழையைத் தவிர வேறு கெடுதல் இல்லை. மேஸ்திரி என்று பெயர்தான், ஆள் வராத நாளில் நானே இறங்கி உப்பு வாருகிறேன். வினோதினி புதுச்சேரியில் நர்ஸிங் சேர்ந்துவிட்டாள், காலையில் ஈ.சி.ஆர். பஸ்ஸில் போய் சாயங்காலம் வருகிறாள், வந்ததும் வராததுமாக அம்மாவுக்குப் பிரஷர் பார்க்கிறேன் என்று கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவளிடம் உன் முட்டியைப் பற்றிக் கேட்டால் படம் வரைந்து காட்டுகிறாள், எனக்குப் பாதி புரிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமா ராஜாங்கம் பிரான்ஸிலிருந்து லீவுக்கு வந்து பன்னிரண்டாம் தேதி நம் வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டு வயதிலிருந்து உன்னைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டு வளர்த்தவர், அந்த மரியாதை எனக்கு என்றைக்கும் உண்டு, அதை வைத்துக்கொண்டுதான் மற்றதையும் சொல்கிறேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினதும் சொன்னார், "மாப்ள, பையனுக்கு கிளப்புல கான்ட்ராக்ட் முடிஞ்சிபோச்சி, திரும்பப் போடல. முட்டி போன ஆட்டக்காரன எவன் எடுப்பான்? எங்க ஆபீஸ்ல ஒரு வேல சொல்லி வச்சிருக்கேன். ஃபுட்பால வுட்டுட்டு இதுல சேருன்னு நீங்க ஒரு வார்த்த எழுதுங்க, நீங்க சொன்னா கேட்டுக்குவான்." அம்மா அழுதேவிட்டாள். "நடக்கிற காலாவது மிஞ்சட்டும், எழுதிடுங்க" என்றாள். நான் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஆடலாம் என்று ஜூன் மாசமே சொல்லிவிட்டாராம். அப்புறம் ஏன் ஆடவில்லை என்று கேட்டேன். மாமா சிரித்தார். "எங்க போயி ஆடுறது? பழைய கோச் ஒருத்தரு இப்ப மூணாம் டிவிஷன் டீம்ல இருக்காரு, வா வான்னு கூப்பிட்டுகினே இருக்காரு. அதெல்லாம் ஒரு ஊரா மாப்ள? ஒரு கிரவுண்டு, ரெண்டு ரொட்டிக் கட. ரெண்டாம் டிவிஷன்ல ஆடின புள்ள அங்க போயி நிக்கிறதா?"

தம்பி, உன்னை ஒருத்தர் கூப்பிடுகிறார் என்பதை நீ எங்களிடம் சொல்லவே இல்லை. மாமா வாயிலிருந்து தவறி விழுந்துதான் எனக்குத் தெரிந்தது. நீ என்ன பதில் சொன்னாய் என்று கேட்டதற்கு, யோசிக்கிறேன் என்றாயாம். நான் எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை, எழுத மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து உப்பளத்துக்குப் போய்விட்டேன்.

பதினைந்தாம் தேதி இங்கே குப்பத்துப் பையன்கள் ஃபுட்பால் போட்டி வைத்தார்கள். டீக்கடை தேசப்பன்தான் முன்னால் நின்று நடத்தினான். சுனாமிக்கு அப்புறம் கடற்கரைப் பக்கம் பையன்கள் கூடி விளையாடினது இதுதான் முதல் தடவை, கோல் கம்பத்துக்குப் பழைய வலை கட்டியிருந்தார்கள், பார்க்கச் சனம் நிறைய. பிரான்ஸிலிருந்து வந்திருக்கிறார் என்று மாமாவைப் பரிசு கொடுக்கக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். விளையாடுங்க தம்பிங்களா, ஆனா விளையாட்டு சோறு போடாது, அதுக்கு வேற ஆளு வேணாம், என் தங்கச்சி பையனே சாட்சி, பிரான்ஸ்ல பெரிய டீம்ல ஆடினான், கால் ஒடிஞ்சிபோச்சி, இப்ப வீட்டுல குந்தினு இருக்கான் என்று சொல்லிவிட்டு என்னைக் கை காட்டினார். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் மேடை ஏறினவன் இல்லை, உனக்கே தெரியும். அன்றைக்கு ஏறினேன். தேசப்பனே பயந்துபோய் வேணாண்ணே என்று கையைப் பிடித்தான், உதறிவிட்டு மைக்கை வாங்கினேன். "எம்புள்ளயப் பத்தி மச்சான் பாதி சொன்னாரு, மீதிய நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். நாம் குயிலாப்பாளையத்தில் இருந்தபோது அம்மா கெஸ்ட் ஹவுஸில் சமையல் செய்ததையும் நீ ஆரோவில் பிள்ளைகளோடு செம்மண்ணில் செருப்பில்லாமல் ஆடினதையும் சொன்னேன். உன் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக, சொல்தாவாக இருந்ததால் உனக்கும் அந்த தேசத்துப் பிரஜை என்று பேப்பர் இருந்தது, ஆனால் பேப்பரைப் பார்த்து எவனும் டீமில் சேர்க்க மாட்டான், பனியில் ஆட முடியாது போய்விடு என்று முதல் கிளப்பில் துரத்தினார்கள், இரண்டாவது கிளப்பில் ஆள் குள்ளம் என்றார்கள், மூன்றாவதில் சேர்த்துக்கொண்டார்கள், பத்தொன்பது வயதில் சம்பளக்காரனாகக் களத்தில் இறங்கினாய் என்று சொன்னேன். முதல் ஆட்டத்தில் கடைசி ஐந்து நிமிஷம்தான் விட்டார்கள், அடுத்த வருஷம் நீ இல்லாமல் அந்த டீம் இறங்கவில்லை, அதையும் சொன்னேன்.

கூட்டத்தில் ஒருத்தன், யாரென்று தெரியவில்லை, எத்தினி கோல் போட்டான் என்று கத்தினான். மூணு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம். "சிரிங்க. எம்புள்ள மிட்ஃபீல்டர். நடுவுல நிக்கிறவன். எதிராளி கால்ல இருக்கிற பந்தப் புடுங்கி நம்ம ஆளுகிட்ட குடுக்கிறதுதான் அவன் வேல. கோல் போட்டவன எல்லாரும் தூக்கிக் கொண்டாடுவாங்க, அதுக்குள்ள இவன் திரும்பி அவன் எடத்துக்கு ஓடியிருப்பான். அவன் அனுப்பின சிடியில நான் பாத்திருக்கேன். அவனுக்குக் கால் ஒடியல, ஒரு நரம்பு அறுந்துச்சி, தெச்சாங்க, ஆறிப்போச்சி. அவன் குந்தினு இல்ல. திரும்ப ஆடப் போறான்" என்று சொல்லிவிட்டேன். நீ யோசிக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாய் என்பது தெரிந்தும் ஊர் முன்னால் அப்படிச் சொன்னேன். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஆடிக் களைத்து உட்கார்ந்திருந்த பையன்கள்தான் முதலில் கை தட்டினார்கள்.

மாமா பரிசைக் கொடுத்துவிட்டு நேரே நம் வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்தார். "ஊரு முன்னாடி என்ன அசிங்கப்படுத்திட்டீங்க மாப்ள. நாளைக்கு அவன் நொண்டினு வந்து நின்னா என் வாசலுக்கு வராதீங்க" என்றார். "வர மாட்டோம் மச்சான், அந்த வேலய வேற யாருக்காவது சொல்லிடுங்க" என்றேன். கார் ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. வினோதினிதான் நடுவில் நின்று, அம்மா குழம்பு போதுமான்னு கேக்கறாங்க, அப்பா போதும்ங்கறாரு என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆக, உன் பெயரில் அந்த வேலையை வேண்டாமென்று சொன்னவன் நான். கோபம் வந்தால் என் மேல் வை. உனக்கு அந்த வேலைதான் பிடித்திருக்கிறது என்றால் நீயே மாமாவுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொள், உனக்காக மனசு இறங்குவார், நானும் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் ஆட்டத்தை விடு என்று என் கையால் எழுதி வாங்க யாராலும் முடியாது. முட்டி ஆறிவிட்டது, உனக்குப் பயம் ஆறவில்லை, அவ்வளவுதான். பழைய ஓட்டம் இருக்காதோ, சின்னப் பையன்கள் தாண்டிப் போய்விடுவார்களோ என்று பயம். பயப்படு, தப்பில்லை, ஆனால் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பயப்படாதே, களத்தில் இறங்கி நின்று பயப்படு. கட்டுப் போட்ட காலைப் பார்த்து உன்னைக் கழித்துவிட்டவர்கள் நீ ஓடுவதைப் பார்த்துக் கழிக்கவில்லை. ஓடிக் காட்டு. அப்புறம் நீயே போதும் என்று சொன்னால் வா, நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொள்கிறேன், ஒருத்தன் ஒரு சொல் சொல்ல விட மாட்டேன். மூன்றாம் டிவிஷன் என்றாலும் போ. அங்கேயும் புல்தானே இருக்கிறது, அங்கேயும் பதினோரு பேர்தானே.

அந்தக் கோச்சுக்கு இந்தக் கடிதம் கண்ட அன்றைக்கே போன் பண்ணு. யோசித்தது போதும். வேளைக்குச் சாப்பிடு, டாக்டர் சொன்ன பயிற்சியை ஒரு நாளும் விடாதே. இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நம் ஊர் நேரம் காலை பத்து மணிக்கு தேசப்பன் கடைப் போனில் இருப்பேன், இந்தத் தடவை முதலில் என்னிடம் பேசு. நம் ஊர் பூமீஸ்வரர் உன் காலுக்குப் பலம் கொடுக்கட்டும், நீ தீர்க்காயுசாக இருந்து நிறைய ஆட வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா,
சகாதேவன்

பி.கு. கவரை ஒட்டப் போகும்போது அம்மா வந்து நின்றாள். என்ன எழுதினீங்க என்று கேட்டாள், இந்த வாரத்தில் என்னிடம் நேராகப் பேசினது அதுதான். முழுக்கப் படித்துக் காட்டினேன். அப்புறம் சொன்னாள், அப்படியே எழுதுகிறேன்: "அண்ணங்கிட்ட நான் பேசிக்கிறேன். அவன அந்தச் சின்ன ஊருக்கே போவச் சொல்லுங்க. கீழ வுழுந்தா ஒடனே எழுந்திருக்கச் சொல்லுங்க."