எட்டுக் கிரகங்கள் கூடிய தை மாதம்

தெருக்கோடிக் கோயிலில் இன்று காலை சனிப்பெயர்ச்சி ஹோமம். நெய்யும் சமித்தும் எரிந்த புகை சன்னல் வழியாக வந்து கூடத்தில் தங்கிவிட்டது. மருமகள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டாள். நான் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினேன். இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்தப் புகை என்னை ஒரே ஒரு தை மாதத்துக்குத்தான் கொண்டுபோகிறது. முன்பெல்லாம் இப்படி ஆனால் உன் வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பேன். நீயும் காரணம் கேட்கமாட்டாய். இப்போது நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து பிரெஞ்சு படித்தவர்கள். பூமிக்கு அந்த மொழியில் ‘லா தேர்’ என்று பெயர் என்றதும், நம் கோயில் தேரா என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. "சரியாத்தான்டி சொன்ன. இதுவும் ஓடுது இல்ல? நம்மள எல்லாம் ஏத்திக்கினு சூரியனச் சுத்தி ஓடுது" என்றாய். பிறகு புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. நீ பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தாய். நான் மில்லில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு அடுத்த தெருவுக்கே வந்து சேர்ந்தேன்.

அறுபத்திரண்டு தையில் நான் நிறைமாதம். மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் ஒன்றாகக் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று ஊரெல்லாம் அதே பேச்சு. முனைக்கு முனை யாகம். குப்பத்தில் கட்டுமரங்கள் கரையிலேயே கிடந்தன. வெளியூரில் வேலை பார்த்தவர்கள், செத்தாலும் சேர்ந்தே சாகலாம் என்று வீடு வந்து சேர்ந்தார்கள். என் மாமியார் வாசற்படியில் மஞ்சள் கயிறு கட்டி, அமாவாசை கழியும்வரை நான் அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கெடுவின் கடைசி நாளில்தான் வலி எடுத்தது. விடிந்ததும் தொடங்கியது, வெயில் ஏறியும் நிற்கவில்லை. பனிக்குடம் உடைந்துவிட்டது. கணவர் மில்லில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து சொன்னதும் நீ பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே ரிக்‌ஷாவோடு வந்தாய்.

"இன்னிக்கு இவ வெளிய கால வெச்சா வம்சமே போயிடும். நாளைக்குப் போவலாம்" என்றார் மாமியார்.

"நாளைக்கு இவ இருக்கணும் இல்ல, அத்தை?"

அவர் வாசலை மறித்து நின்றார். கோபத்தில் அல்ல. பயத்தில். வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நீ அவர் தோளைத் தொட்டு மெதுவாக ஒதுக்கிவிட்டு, என்னைத் தாங்கிப் பிடித்து அந்தக் கயிற்றைத் தாண்ட வைத்தாய்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் தெருவில் ஆள் இல்லை. புகை மட்டும் இருந்தது. பயமாயிருக்கிறது என்றேன். "கடக்கரையில நின்னு பாத்தா ரெண்டு கட்டுமரம் ஒட்டிக்கினு இருக்கறாப்பல தெரியும் இல்ல? ஆனா ஒண்ணு கிட்ட இருக்கும், இன்னொண்ணு எங்கியோ இருக்கும். கிரகமும் அப்படித்தான்டி. அதுங்க ஒண்ணா சேரல. நம்ம எடத்துலேர்ந்து பாத்தா அப்படித் தெரியுது, அவ்ளோதான்" என்று என் காதருகே சொல்லிக்கொண்டே வந்தாய். வலியில் பாதி புரியவில்லை. உன் குரல் நடுங்கவில்லை என்பது மட்டும் புரிந்தது.

பிள்ளை அழவில்லை.

ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. துணியில் சுற்றி ஒருமுறை என் பக்கம் காட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

வீடு திரும்பிய பிறகு தெருப் பெண்கள் வந்து வந்து உட்கார்ந்தார்கள். யாரும் என்னைப் பார்த்துப் பேசவில்லை, மாமியாரிடமே பேசினார்கள். கிரகம் காவு வாங்கிவிட்டது என்றார்கள். கயிற்றைத் தாண்ட வைத்தவளைப் பற்றியும் பேசினார்கள். நீ இனி வரமாட்டாய் என்றுதான் நினைத்தேன். நீயோ எல்லோரும் இருக்கும்போதே வந்தாய்.

"உன்னாலதான்டி! இன்னாத்துக்கு வந்த இங்க?" என்று மாமியார் கத்தினார். மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நீ தரையில், என் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"தொப்புள்கொடி கழுத்துல சுத்தியிருந்துச்சு, அத்தை. எப்பவோ உள்ளியே சுத்திக்கிச்சாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இவளும் போயிருப்பான்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"கிரகம் சரியில்லன்னாதான் கொடி சுத்தும்."

நீ வகுப்பில் பேசுவதுபோல் பேசவில்லை. "சூரியனோட வெளிச்சம் இங்க வந்து சேரவே எட்டு நிமிஷம் ஆவுது. சனி அதுக்கும் எத்தினியோ மடங்கு தூரம். அங்கேர்ந்து பாத்தா இந்த பூமியே ஒரு புள்ளி. அதுல புதுச்சேரி எங்க, இந்தத் தெரு எங்க, இவ வயிறு எங்க? இவளப் பழிவாங்கணும்னு அங்க யாரும் உக்காந்துக்கினு இல்ல, அத்தை. பூமி அதுபாட்டுக்குச் சுத்துது. அன்னிக்கும் சுத்துச்சு, இன்னிக்கும் சுத்துது."

மாமியார் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ என் மூத்தவன்?"

அப்படி ஒருவன் இருந்ததே எனக்குத் தெரியாது. வயிற்றில் பிள்ளையோடு, சூரிய கிரகணத்தன்று அவர் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போயிருக்கிறார். பிறந்த பிள்ளை சில நாள்கூடத் தங்கவில்லை. பிள்ளையை விழுங்கியவள் என்று அவருடைய மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"நான் போயிருக்கக் கூடாது. தெரிஞ்சேதான் போனேன். வூட்ல சொட்டுத் தண்ணி இல்ல."

நீ நகர்ந்து போய் அவர் கையைப் பிடித்தாய். "அது நிலாவோட நிழல், அத்தை. நிலா குறுக்க வந்துச்சு, நிழல் விழுந்துச்சு, நகந்து போயிடுச்சு. அது உங்களத் தேடிக்கினு வரல."

அவர் அழுத அழுகையை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. பிறகு என் பாய்க்கு வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளை போன பிறகு அவர் என்னைத் தொட்டது அப்போதுதான்.

தெரு அவ்வளவு சீக்கிரம் உன்னை விடவில்லை. உனக்குப் பேசிக்கொண்டிருந்த அரியாங்குப்பத்துச் சம்பந்தம் அந்த மாதமே நின்றுபோனது. பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோய்ப் பிள்ளையைப் பறிகொடுக்க வைத்தவள் என்று யாரோ அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. வெளியிலிருந்து கேள்விப்பட்டு நான் அழுதுகொண்டு வந்தபோது, "போவட்டும்டி, நல்லவேளை முன்னாடியே தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தினாய். பிறகும் நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது உன் விருப்பமா, இதனால்தானா என்று கேட்கும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

அடுத்த பிரசவத்துக்கு நல்ல நேரம் பார்க்காமல் ஓடிப்போய் ரிக்‌ஷா கூப்பிட்டவர் என் மாமியார். பெண் பிறந்தாள். முதலில் யார் கையில் கொடுப்பது என்று செவிலி கேட்டதற்கு, அவர் உன்னைத்தான் காட்டினார்.

அந்த முதல் பிள்ளைக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு தையிலும் அவனுக்கு எத்தனை வயது என்று மனம் தானாகக் கணக்குப் போடும். துக்கம் குறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் என்ன பாவம் செய்தேன் என்று நான் ஒரு நாளும் என்னையே கேட்டுக்கொண்டதில்லை. என் மாமியார் பாதி ஆயுளை அந்தக் கேள்வியோடு கழித்தார். எனக்கு அது வராமல் நீ பார்த்துக்கொண்டாய். இத்தனை வருஷமாக என் பிள்ளைக்காக நான் அழ மட்டும்தான் செய்திருக்கிறேன்.